கலண்டரில் எழுதிய ஆறு இலக்கம்

“ஏன் குடுத்தனீங்கள்?”

2023 நவம்பரில் ஒரு கிழமை முழுக்கப் பெரியம்மாவிடம் எல்லாரும் கேட்ட கேள்வி இது. ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகன், எங்கள் அண்ணா, கேட்டார். பாரிசிலிருந்து மகள், எங்கள் அக்கா, அழுதழுது கேட்டார். கோயில் குழுவில் இருக்கிறவர்கள் கேட்டார்கள். பக்கத்து வளவுப் பொடியன், இன்னும் சாதாரண தரச் சோதனைகூட எடுக்காதவன், அவனும் கேட்டான். நானும் கேட்டேன். அதுவும் ஆளை நேரில் பார்க்க முதல், தொலைபேசியில், கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். எல்லாருக்கும் பெரியம்மா ஒரே பதிலைத்தான் சொன்னார்: “கேட்டவர், குடுத்தனான்.” அந்த நேரம் அது ஒரு பதிலாகவே எனக்குப் படவில்லை. இப்போது யோசித்தால், அந்தக் கிழமை நாங்கள் எல்லாரும் கதைத்ததற்குள் சரியான வார்த்தை அது ஒன்றுதான். கன நாளாக எனக்குள் இருந்து அரிக்கிறது. எழுதினால் கொஞ்சம் இறங்கும் என்று நினைக்கிறேன்.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரின் வட்ஸ்அப்பிலிருந்து பெரியம்மாவுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் கோயில் குழுவில் இருக்கிறவர், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிசர். தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்றை அனுப்பிவிட்டேன், தயவுசெய்து அதை எனக்கு அனுப்பி வைக்கவும் என்று இலக்கணத் தமிழில் எழுதியிருந்தது. ஏதோ ஒரு மொழியிலிருந்து மெஷினில் போட்டு எடுத்த தமிழ் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. பெரியம்மாவுக்கோ, ஒரு அதிபர் எழுதினால் இப்படித்தானே எழுதுவார் என்று பட்டிருக்கிறது. அதிபரின் கணக்கு முதல் நாளே களவு போயிருந்தது. அவரும் வேறு யாருடையதோ பெயரில் வந்த செய்தியை நம்பிக் குறியீட்டைக் கொடுத்தவர்தான். பெரியம்மா கொடுத்த சில நிமிடத்துக்குள் அவருடைய கணக்கு எவனோ ஒருவனின் போனுக்குப் போய்விட்டது. பின்னேரத்துக்குள் பெரியம்மாவின் பெயரில், பெரியம்மாவின் படத்தோடு, குடும்பக் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் அவசரமாகக் காசு தேவை என்று ஒரு செய்தியும் ஒரு வங்கிக் கணக்கு இலக்கமும் போயின. லண்டனில் இருக்கும் மச்சாள் ஒருவர் ஒன்றும் யோசிக்காமல் 50,000 ரூபா போட்டுவிட்டார். பெரியம்மா தன் சீவியத்தில் ஒருவரிடமும் காசு கேட்டதில்லை. கேட்டிருக்கிறா என்றால் ஏதோ பெரிய ஆபத்து என்று நினைத்துத்தான் போட்டாராம்.

நல்லூர்த் திருவிழா நேரம் வந்த போன்

பெரியம்மாவுக்கு 74 வயது. புங்குடுதீவில் தனியே இருக்கிறார். சுற்றிவர உள்ள வளவுகளில் பாதிக்கு மேல் ஆளில்லாத வீடுகள். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளிநாட்டில். வா வா என்று கூப்பிடுகிறார்கள், அவர் போகிறதாக இல்லை. அவரிடம் கன காலமாக ஒரு பட்டன் போன் இருந்தது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு 30ஆம் திகதி வரை நாட்டில் வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றையும் முடக்கி வைத்திருந்தபோது, எங்கள் குடும்பத்தில் வெளிநாட்டுக்காரருக்கு உடனே கிடைத்த ஆள் பெரியம்மாதான். அந்தப் போன் அவருக்குப் போதும் என்றுதான் நாங்களும் இருந்தோம். ஆனால் பேரப்பிள்ளைகளின் முகம் அதில் தெரியாது. நான் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் போகிறபோது என்னுடைய போனில் வீடியோ எடுத்துக் காட்டுவேன். அழைப்பு முடிந்த பிறகும் வெறும் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்.

2023 ஓகஸ்டில், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரிடம் அண்ணா ஒரு ரச் போன் கொடுத்துவிட்டார். அது கோண்டாவிலில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. தீவுக்குக் கொண்டுபோக எனக்கு அந்தக் கிழமை நேரம் இல்லை. திருவிழா நடந்துகொண்டிருந்தது, வீட்டில் விருந்தாட்கள், கடையில் வேலை. பெரியம்மாவின் கையில் கொடுக்கும்போது எல்லாம் தயாராக இருக்க வேண்டும், தொட்டவுடன் பேரப்பிள்ளையின் முகம் வர வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. அதனால் என் வீட்டு வைபையிலேயே போனைத் திறந்து, என்னுடைய மின்னஞ்சலைப் போட்டு, வட்ஸ்அப்பை இறக்கினேன். நாட்டுக் குறியீட்டில் இலங்கைக்குரிய +94ஐத் தெரிந்தெடுத்து, முன்னால் உள்ள பூச்சியத்தை விட்டுவிட்டு, பெரியம்மாவின் இலக்கத்தை அடித்தேன். சிம் புங்குடுதீவில், பட்டன் போனுக்குள் இருந்தது. இலக்கம் யாருடையது என்று உறுதிப்படுத்துகிற குறுஞ்செய்தி அந்தச் சிம்முக்குத்தானே போகும்? பெரியம்மாவுக்கு எடுத்தேன்.

“பெரியம்மா, இப்ப உங்கட போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அதில ஆறு இலக்கம் இருக்கும். எழுதி வச்சு எனக்கு வாசியுங்கோ.”

கதைத்துக்கொண்டே செய்தியைப் பார்க்க அவருக்குத் தெரியாது. அழைப்பை வெட்டினார். ஐந்து நிமிடம் கழித்து மிஸ்ட் கோல் வந்தது. திருப்பி எடுத்தேன். ஒவ்வொரு இலக்கமாக, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “இன்னொருக்கா வாசியுங்கோ, பிழைச்சால் திரும்ப முதலில இருந்து செய்யவேணும்” என்றேன். திரும்ப வாசித்தார். கடைசியில் “சரியோ தம்பி?” என்று கேட்டார். உள்ளே போய்விட்டது. “கெட்டிக்காரி!” என்றேன். அந்தப் பக்கம் அவர் சிரித்தது இப்பவும் காதில் இருக்கிறது.

அந்தக் குறுஞ்செய்தியில் ஆறு இலக்கத்தோடு ஒரு வரியும் வரும். இந்தக் குறியீட்டை வேறு எவருடனும் பகிர வேண்டாம் என்ற வரி. போனை நான் ஆங்கிலத்தில் வைத்திருந்தேன், அந்த வரியும் ஆங்கிலத்தில்தான் போனது. பெரியம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியும். நான் அந்த வரியைப் பற்றி மூச்சும் விடவில்லை. விடுவதென்றால், பகிர வேண்டாம் என்று இருக்கிறது, ஆனால் எனக்கு மட்டும் பகிருங்கோ என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். சிம்மை மாற்றிப் போட்டேன். அண்ணாவின் கலியாண அல்பத்திலிருந்து நல்ல படம் ஒன்றை முகப்பில் வைத்து, குடும்பக் குழு, கோயில் குழு, ஊர்க் குழு எல்லாவற்றிலும் சேர்த்துவிட்டேன். பெரியம்மாவின் கை எதிலும் படவில்லை. குரல் பதிவு ஒன்றை மட்டும் பழக்கினேன். ஒலிவாங்கிப் படத்தை அழுத்திப் பிடித்துக் கதைத்துவிட்டுக் கையை எடுத்தால் போய்விடும். அதை அவர் பிடித்துக்கொண்ட வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போனை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்து, கிணற்றடியில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற சத்தத்தில் கதைப்பார். பாரிசில் இரவு பத்தரைக்கு அக்கா படுக்கும்போது இங்கே விடிய இரண்டு மூன்று மணி. அக்கா எழும்பிப் பார்க்கும்போது தாயின் குரல் நாலைந்து வந்து கிடக்கும். என்ன சமைத்தது, எந்தக் கோழி அடையில் இருக்கிறது, யார் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகுகிறது. ஒரு நாள் கதையே இல்லாமல் மழைச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பிடித்து அனுப்பியிருந்தார். அக்கா அதை எனக்கும் அனுப்பினார். இப்படி இரண்டரை மாதம் போனது.

கலண்டர்

கணக்குக் களவு போனது ஒரு திங்கட்கிழமை. அடுத்த நாள் காலையில் பஸ் ஏறினேன். மாரி தொடங்கிவிட்டது. பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் தண்ணீர் சாம்பல் நிறமாகக் கிடந்தது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை கழிந்து வாணர் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. வழி முழுக்கக் கோபமாகத்தான் இருந்தேன். அந்தக் கோபம் களவெடுத்தவனிலா பெரியம்மாவிலா என்று எனக்கே தெளிவில்லை.

வீட்டில் போனைக் காணவில்லை. அதை அணைத்து, துவாயால் சுற்றி, அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தார். பெரியம்மா விறாந்தையில் இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. “உனக்கு வேலை மினக்கேடு” என்று மட்டும் சொன்னார்.

போனை எடுத்துத் திரும்பப் பதிந்தேன். முதல் நாள் பக்கத்து வீட்டுப் பொடியன் உதவி செய்கிறேன் என்று திரும்பத் திரும்பக் குறியீடு கேட்டு அடித்திருந்தான். அப்படிக் கேட்டால் அடுத்த குறியீடு வருகிற நேரத்தை வட்ஸ்அப் நீட்டிக்கொண்டே போகும். காத்திருந்து, வந்த குறியீட்டைப் போட்டேன். அந்தக் கணமே களவெடுத்தவன் வெளியே போய்விடுவான், அது நிச்சயம். ஆனால் எங்களாலும் உள்ளே போக முடியவில்லை. திரை இன்னொரு ஆறு இலக்கம் கேட்டது. அது குறுஞ்செய்தியில் வருவதல்ல. இரண்டு படிச் சரிபார்ப்பு என்று அமைப்புகளுக்குள் இருக்கிறதே, கணக்கின் சொந்தக்காரர் தானே தெரிந்து வைக்கிற ஒரு இரகசிய இலக்கம், அது. நான் பெரியம்மாவுக்கு அதைப் போட்டுக் கொடுக்கவில்லை. களவெடுத்தவன் போட்டுவிட்டான். அது தெரியாவிட்டால் ஏழு நாள் காத்திருந்துதான் உள்ளே போகலாம்.

சரி, ஏழு நாள் கழித்து எந்தத் திகதி என்று பார்க்கக் கலண்டரடிக்குப் போனேன். விறாந்தைச் சுவரில் தொங்குகிற, மாதத்துக்கு ஒரு தாள் உள்ள பெரிய கலண்டர். பெரியம்மாவின் கணக்குப் புத்தகம் அதுதான். காஸ் சிலிண்டர் மாற்றிய நாள், கரண்ட் பில் கட்டிய நாள், விரதம், கோழி அடைக்கு வைத்த நாள் எல்லாம் பென்சிலால் அந்தந்தக் கட்டத்துக்குள் இருக்கும். முதல் நாள் திங்கட்கிழமைக் கட்டத்தில் ஆறு இலக்கம் எழுதியிருந்தது. மூன்று இலக்கம், நடுவில் ஒரு சின்னக் கோடு, பிறகு மூன்று இலக்கம். கீழே ‘மாஸ்ரர்’ என்று எழுதியிருந்தது, அந்த அதிபரைத்தான்.

ஏன் என்று தெரியாது, என் கை தாள்களைப் பின்னுக்குப் புரட்டியது. ஒக்டோபர், செப்ரெம்பர், ஓகஸ்ட். ஓகஸ்டின் கடைசிக்குக் கிட்ட ஒரு கட்டத்தில் அதேபோல ஆறு இலக்கம். அதேபோல நடுவில் கோடு. கீழே ‘தம்பி’.

அந்தத் தாளைப் பிடித்தபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இரண்டு கட்டத்திலும் ஒரே எழுத்து, ஒரே ஒழுங்கு. எழுதி வச்சு வாசியுங்கோ என்று நான் சொன்னேன், எழுதி வைத்திருக்கிறார். யாருக்குக் கொடுத்தது என்பதையும் குறித்திருக்கிறார், நான் சொல்லாமலே, கடன் கொடுத்ததை எழுதி வைக்கிற ஒழுங்கோடு. பெரியம்மாவுக்கு இந்தப் போனைப் பற்றிக் கிடைத்த முதல் பாடம் என்ன? தெரிந்த ஆள், மதிப்பான ஆள், ஆறு இலக்கம் வரும் என்று சொன்னால் அது வரும், வந்ததும் கவனமாக எழுதி அவருக்கு வாசிக்க வேண்டும், வாசித்தால் கெட்டிக்காரி என்பார்கள். அந்தப் பாடத்தை நடத்தினவன் நான். அதை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் படித்திருந்தார். இந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு வயதுபோனதுகளுக்கு விளங்காது என்று நாங்கள் கதைக்கிறோம். விளங்கினபடியால்தான் கணக்குப் போனது.

கொடுத்தால்தான் செய்தி வரும்

திரும்பி வரும் பஸ்ஸில் கோபம் இருக்கவில்லை. வேறு ஒன்று யோசனையாக இருந்தது. பெரியம்மாவின் சீவியத்தில் ஒரு செய்தியாவது வேறொருவர் கையில் படாமல் வந்திருக்கிறதா?

1990 யூனில் திரும்பவும் சண்டை தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் தொலைபேசியும் போனது, மின்சாரமும் போனது. அண்ணா அதற்கு முன்பே கனடாவுக்குப் போய்விட்டார். அந்த வருடங்களில் கிளாலிக் கடலை வள்ளத்தில் தாண்டிக் கொழும்புக்குப் போகிறவர்கள் கையில்தான் பெரியம்மா கடிதம் கொடுத்துவிடுவார். வழியில் சோதிப்பார்கள் என்று உறையை ஒட்டவும் மாட்டார். மகனுக்கு எழுதிய அந்தரங்கம் எத்தனை பேர் கையைத் தாண்டிப் போயிருக்கும்! மறுமொழியும் அப்படித்தான், யாரோ முன்பின் தெரியாத ஒருவர் படலையில் வந்து நின்று ‘உங்கட மகன் குடுத்துவிட்டவர்’ என்று நீட்டுவார். அந்த ஆளை நம்பாமல் விட்டால் கடிதமே இல்லை. சில வேளை கசற்றில் குரலைப் பதிந்து அனுப்புவார் அண்ணா. அதைப் போட்டுக் கேட்க பற்றரி வேண்டும், பற்றரி தடைசெய்த பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிக் கேட்ட வீடுகள் எங்கள் ஊரில் எத்தனையோ.

பிறகு 2002இல் சமாதானம் வந்து, பாதை திறந்து, சந்திக்குச் சந்தி கொமியூனிக்கேசன்கள், காசு கட்டிப் போன் கதைக்கிற கடைகள், முளைத்தன. அங்கேயும் பெரியம்மா தன் கையால் ஒரு இலக்கம் சுழற்றியதில்லை. துண்டைக் கடைக்காரரிடம் கொடுப்பார், அவர் அடித்துக் கொடுப்பார். கொஞ்ச நாளில் துண்டும் தேவையில்லை, அண்ணாவின் இலக்கம் கடைக்காரருக்குப் பாடம். கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கதைக்கும்போது வெளியே வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கும், மருமகளோடு என்ன பிரச்சினை என்பதுவரை. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவர்களுடைய கதையை நாங்களும் கேட்டோம்.

நாற்பது வருடமாக அவருக்குத் தொடர்பு என்றால் இதுதான். வைத்திருப்பதை நல்ல ஆளாகப் பார்த்துக் கொடுத்தால் செய்தி போகும், செய்தி வரும். ஆளைத் தெரிந்தெடுப்பதுதான் அதில் உள்ள கெட்டித்தனம். அந்தக் கெட்டித்தனம் அவரிடம் நிறைய இருந்தது. போர்க்காலம் முழுக்க அவர் கொடுத்த கடிதம் ஒன்றுகூடத் தவறினதில்லை என்று இப்பவும் சொல்வார்.

வட்ஸ்அப் கட்டியிருப்பது நேர்மாறான ஒரு வீட்டை. 2016 ஏப்ரலிலிருந்து அதில் போகிற செய்தியை அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் எவராலும் வாசிக்க முடியாது, நிறுவனத்தாலும் முடியாது. அதனால்தான் கணக்கைக் களவெடுத்தவனுக்குப் பெரியம்மாவின் பழைய குரல் பதிவு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. அவை அவருடைய போனுக்குள் இருந்தன. தபாற்காரர் இல்லை, கடைக்காரர் இல்லை, வள்ளத்தில் போகிறவர் இல்லை. அந்த வீட்டுக்கு ஒரே ஒரு திறப்பு, அதுதான் ஆறு இலக்கம். அதை எவ்வளவு நல்ல ஆளுக்கும் கொடுக்கக் கூடாது. பெரியம்மாவின் அனுபவத்தில் இப்படி ஒரு பொருள் இருந்ததே இல்லை. அதை நாங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்றால், புது வீட்டின் திறப்பைப் பழைய முறையிலேயே அவரிடம் கேட்டு வாங்கினேன், கொமியூனிக்கேசன் கடைக்காரரைப் போல.

இரண்டாம் தரம்

ஏழு நாளும் பெரியம்மா பட்டன் போனோடு இருந்தார். சிம்மை அதற்குள் மாற்றிப் போட்டுவிட்டேன். அண்ணா ஒரு நாள் எடுத்து ஏசினார், அடுத்த நாள் எடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் அவருக்குக் கலண்டரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். லண்டன் மச்சாள் காசைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம் என்றார். பெரியம்மா கேட்கவில்லை. தன் பெயரில் வாங்கினது தன் கடன் என்று நிற்கிறார். அக்கா அனுப்புகிற செலவுக் காசில் மாதம் 2,000 ரூபா ஒரு உறைக்குள் போகிறது. அதை நிறுத்த எங்களால் முடியவில்லை.

எட்டாம் நாள் போனபோது அவசரப்படக் கூடாது என்று கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். முதலில் சிம்மைத் திரும்ப ரச் போனுக்குள் போட்டு, போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். என்னுடைய மின்னஞ்சலை எடுத்துவிட்டு அவருக்கென்று ஒன்று திறந்தோம். வட்ஸ்அப் திரையைத் திறந்து போனை அவரிடம் கொடுத்துவிட்டு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தன் இலக்கத்தைத் தானே அடித்தார். ஆட்காட்டி விரல் நடுங்கியது, இரண்டு தரம் பிழைத்து அழித்தார். நான் தொடவில்லை. சிம் அதே போனுக்குள் இருந்தபடியால் குறுஞ்செய்தி வந்ததும் போன் தானே அந்த ஆறு இலக்கத்தை எடுத்து நிரப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டது. ஒருவரும் வாசிக்கவில்லை, ஒருவரும் எழுதவில்லை.

அப்போதுதான் எனக்கு நெஞ்சில் அடித்தது. ஓகஸ்டில் ஒரு கிழமை பொறுத்து, சிம்மைப் போட்டு, இந்த விறாந்தையிலேயே இதைச் செய்திருந்தால் பெரியம்மா அந்த இலக்கத்தை யாருக்கும் வாசிக்கிற தேவையே வந்திராது. வாசிக்கப் பழகியிருக்கவும் மாட்டார். திருவிழா அவசரத்தில் நான் உண்டாக்கிய பழக்கம் அது.

பழைய உரையாடல்கள் எல்லாம் அப்படியே திரும்பி வந்தன. அதிபரின் பெயரில் வந்த செய்தியும் இருந்தது, அதற்குக் கீழே பெரியம்மா அனுப்பிய குரல் பதிவும் இருந்தது. பெரியம்மா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போன நேரம் பார்த்து அதைப் போட்டுக் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். ஒவ்வொரு இலக்கமாக நிறுத்தி நிறுத்தி வாசிக்கிறார். முடித்துவிட்டு, யாரும் சொல்லாமலே, முதலிலிருந்து இன்னொரு தரம் வாசிக்கிறார். பின்னால் கோழி ஒன்று கேருகிறது. கடைசியில் “சரியோ மாஸ்ரர்?” என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு மறுமொழி வரவில்லை.

பிறகு இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டோம். ஆறு இலக்கம் ஒன்றை நீங்களே நினையுங்கோ, எனக்குச் சொல்ல வேண்டாம், கலண்டரிலும் எழுத வேண்டாம் என்றேன். கன நேரம் யோசித்தார். நான் எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றேன். திரும்பி வரும்போது போட்டு முடித்திருந்தார். மறந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டார். மறக்காமல் இருக்க அது இடைக்கிடை கேட்கும், அப்போது போட வேண்டும் என்றேன். எவர் கேட்டாலும் சொல்லக் கூடாது, அண்ணா கேட்டாலும், நான் கேட்டாலும் என்றேன். “நீ கேட்டாலுமோ?” என்று திருப்பிக் கேட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கவலைதான். சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாத பொருள் என்று ஒன்று வீட்டுக்குள் வந்துவிட்டதில் உள்ள கவலை. எனக்கும் அது இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இப்படி எத்தனை வீடு. பிள்ளை வெளிநாட்டில், போன் அங்கிருந்து வரும், திறந்து கொடுக்கிறது என்னைப் போல ஒரு பெறாமகனோ பக்கத்து வீட்டுப் பொடியனோ. நாங்கள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழும்பிவிடுகிறோம். எங்களுக்கு அது கைப்பழக்கம். அவர்களுக்கு அந்த ஐந்து நிமிடத்தில் நாங்கள் செய்வதெல்லாம் பாடம். இப்போது யாராவது போனைக் கொண்டுவந்து வட்ஸ்அப் போட்டுத்தாவன் தம்பி என்றால் நான் கையில் வாங்குவதில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்கச் சொல்கிறேன். அரை மணித்தியாலம் போகும், சில வேளை ஒரு மணித்தியாலமும் போகும். சிலர் உனக்குச் செய்து தர விருப்பமில்லைப் போல என்று கோவித்துக்கொண்டும் போயிருக்கிறார்கள்.

போட்டு ஒரு மாதம் ஆகியிருக்கும், ஒரு நாள் காலமை பெரியம்மாவின் அழைப்பு. குரல் ஒடுங்கியிருந்தது.

“தம்பி, போன் என்னட்டை அந்த ஆறு இலக்கத்தைக் கேக்குது. ஆக்கள் இல்லை, போன்தான் கேக்குது. குடுக்கட்டோ?”

வட்ஸ்அப்தான் கேட்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ஆனாலும் உடனே ஓம் என்று வாயில் வரவில்லை. திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முழுக்க வாசிக்கச் சொன்னேன். தமிழில் இருந்ததால் வாசித்தார். பச்சை நிற வட்ஸ்அப்பைத் திறந்தபோது அதற்குள்ளேதான் வந்ததா, இல்லை யாராவது அனுப்பிய இணைப்பைத் தொட்டு வந்ததா என்று கேட்டேன். திறந்தவுடன் வந்தது என்றார். அப்படியென்றால் போடலாம், ஆனால் எனக்குச் சொல்லாமல் போடுங்கோ என்றேன்.

“சரி, அப்ப ஆள் கேட்டால் இல்லை, போன் கேட்டால் ஓம்” என்றார்.

அதுவும் முழுக்கச் சரியில்லை. வட்ஸ்அப்பைப் போலவே வேஷம் போட்டுக் கேட்கிற பக்கங்கள் இருக்கின்றன. அதை எப்படிச் சொல்வது, எந்த அளவுக்குச் சொல்வது, அவர் போனைத் திரும்பவும் துவாயால் சுற்றி வைக்காத மாதிரி எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பை வெட்டிவிட்டார். இரண்டு நிமிடம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. நாலு செக்கன்தான்.

“போட்டிட்டன் தம்பி. துறந்திட்டுது.”